ஃபோர்மேன் முகம்

வியாசர்பாடி, சென்னை-39
19.10.2008

நிலவனுக்கு,

இங்கே நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் வைத்துவிடுவேன். மின்னஞ்சலில் எழுதினால் அவசரத்தில் ஏதாவது எழுதிவிடுவாய். அதனால் தபாலில் எழுதுகிறேன். பதிலையும் தபாலிலேயே அனுப்பு.

போன வியாழக்கிழமை எங்கள் கல்லூரிக் கணினி அறையில் இரண்டாமாண்டுப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு திரையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் ஒருத்தி அதை மூடப் பார்த்தாள். "சும்மா மேம், ஒரு காமெடி" என்றாள். திரையில் நம் நைனா இருந்தார்.

பல்செட் இல்லாத வாய் பிளந்திருக்கிறது. ஒரு கண் மூடி, இன்னொன்று பிதுங்கி இருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கீழே 'மெட்ராஸ் தாத்தா செம காமெடி' என்று நீ வைத்த தலைப்பு. அந்தப் பெண்கள் வீடியோவைத் திறக்கக்கூட இல்லை. வெளியே ஒட்டியிருக்கிற அந்த ஒரு சின்னப் படத்துக்கே அத்தனை சிரிப்பு.

"யாரோ குடிகாரக் கெழவன் மேம்" என்றாள் அவள்.

"எங்க அப்பா" என்றேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நைனா பேசியதை ராயபுரம் ஃப்ரெடியைக் கூப்பிட்டு வீடியோ எடுத்தது நான். மார்ச்சில் அவர் இறந்துபோனபோது உன்னால் வர முடியவில்லை. உன் மகள் எழில்மொழியாவது தாத்தா பேசுவதைக் கேட்கட்டும் என்றுதான் அந்தக் குறுந்தகட்டை உனக்கு அனுப்பினேன். ஊரைக் கூட்டிக் காட்டச் சொல்லவில்லை.

அந்தப் படத்தை மாற்று. நல்ல படம் என்னிடம் இருக்கிறது, ஸ்டூடியோவில் எடுத்தது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

கார்குழலி


ஹூஸ்டன்
2.11.2008

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். உன் கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள' என்று ஒரு வார்த்தை எழுத உனக்கு மை போதவில்லை போல.

தலைப்பு நான் வைத்ததுதான். ஆனால் படம் நான் வைத்தது இல்லை. நான் வீடியோ போட்ட அந்த இணையதளத்தில் நாம் விரும்புகிற படத்தை வெளியே வைக்க முடியாது. வீடியோவை ஏற்றியதும் அதன் கால்வாசியில் ஒன்று, பாதியில் ஒன்று, முக்கால்வாசியில் ஒன்று என்று அதுவே மூன்று படம் எடுத்து நீட்டும். அதில் ஒன்றைத்தான் தொட முடியும். முதல் படத்தில் நைனா கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருக்கிறார், ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி. கடைசிப் படத்தில் துண்டால் முகத்தைத் துடைக்கிறார், முகமே இல்லை. மூன்றில் உயிரோடு இருந்தது நடுவில் இருந்த ஒன்றுதான். அதைத் தொட்டேன்.

சொந்தப் படம் வைக்கிற வசதி 'பார்ட்னர்' என்று அவர்கள் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும்தான். நிறைய வீடியோ போட்டு நிறையப் பேரைச் சேர்த்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். எல்லோருக்கும் கொடுத்தால் வெளியே நடிகை படத்தை ஒட்டி உள்ளே வேறு எதையோ காட்டுவார்களாம். அதனால் அந்த விதி. நான் எழுதியது இல்லை.

'சுப்பராயன் நேர்காணல்' என்று தலைப்பு வைத்திருந்தால் நீயும் நானும்தான் பார்த்திருப்போம். இப்போது எத்தனை ஊரிலிருந்து பார்க்கிறார்கள் தெரியுமா. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. எழில்மொழி அந்த முகத்தைச் செய்துகாட்டுகிறாள், நீ பார்க்க வேண்டும்.

போனை எடு அக்கா. இது எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை.

நிலவன்


வியாசர்பாடி
16.11.2008

நிலவனுக்கு,

உன் பெருமை என்னவென்று பார்க்க வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். கீழே பார்த்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். 'ஃபுல் மப்பு' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். 'சேரி பாஷையும் சேரி மூஞ்சியும்' என்று இன்னொருவன். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர் நம் நைனா.

உனக்கு அது எந்த இடம் என்று நினைவிருக்கிறதா, இல்லை நீயும் படத்தோடு நிறுத்திவிட்டாயா? திருவொற்றியூர் பவுண்டரியில் எல்லோருக்கும் குடிநீர்க் குழாய் இருந்தது, நம் ஆட்களுக்கு மட்டும் மூலையில் தனி டிரம் வைத்திருந்தார்கள். ஒரு நாள் நைனா குழாயைத் திறந்து குடித்தார். ஃபோர்மேன் ஓடி வந்து கத்தினான். அவன் எப்படிக் கத்தினான் என்பதைத்தான் நைனா செய்துகாட்டுகிறார். அது நைனாவின் முகமே இல்லை. அந்த ஃபோர்மேனின் முகம். நம்மைக் குழாயைத் தொடாதே என்று சொன்னவனின் மூஞ்சியை வெளியே மாட்டி, கீழே சேரி மூஞ்சி என்று எழுத விட்டிருக்கிறாய். மூன்றில் உயிரோடு இருந்தது அதுதானாம்.

பார்ப்பவர்கள் உள்ளே போனால் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்வாய். போகிறார்களா என்று நீயே சொல்.

கால்வாசி, பாதி, முக்கால்வாசி என்று எழுதியிருந்தாய் அல்லவா. அந்த மூன்று இடத்திலும் நல்ல முகம் வருகிற மாதிரி வீடியோவை வெட்டி அமைக்கலாம் என்று ஃப்ரெடி சொல்கிறார். இரண்டு நாள் மாலை அவர் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கிவிட்டேன். கல்யாண வேலையை நிறுத்திவிட்டு எனக்குச் செய்துகொடுத்தார். புதிய குறுந்தகடு இதனுடன் வருகிறது. பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்று. தலைப்பில் அவர் பெயர் மட்டும் போதும்.

கார்குழலி


ஹூஸ்டன்
7.12.2008

அக்காவுக்கு,

குறுந்தகடு வந்தது. வேலை முடிந்து வந்து, எழில்மொழியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். "தாத்தா ஏன் நியூஸ் படிக்கிறார்" என்று கேட்டாள்.

மூன்று இடத்திலும் நல்ல முகம் வருகிறது. சட்டைக் காலர் நேராக இருக்கிறது, பார்வையும் நேராக இருக்கிறது. அதற்காக மீதியை என்ன செய்தாய்? ஃபோர்மேன் இல்லை. டிரம்மைத் தட்டிப் பாடின கானா இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நைனா வாயில் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு பொழுது போயிருக்கிறதா? "கொயாவ தொறந்தேன். தண்ணி வந்துச்சு. எனக்கும் அதே தண்ணிதான்டா வந்துச்சு, கலர் ஒண்ணும் மாறல" என்று சொல்லி அவர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு எங்கே போனது? ஃபோர்மேனோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டாய்.

"ஏ கார்கொயலி, நீ இன்னா கோர்ட்டு வக்கீலா, இந்தக் கேள்வி கேக்கற" என்று உன்னைக் கிண்டல் செய்த இடமும் இல்லை. "நிலவா, உங்கக்கா கேமராவ வச்சுகினு மெரட்டுறாடா, நீயாச்சும் வந்து கேளு" என்று என்னைக் கூப்பிட்ட இடமும் இல்லை. அது எந்த மூன்று படத்துக்கு இடைஞ்சலாக இருந்தது? எனக்கென்று அவர் சொன்னது அது ஒன்றுதான்.

ஒரு படம் அசிங்கம் என்று சொல்லி ஆளையே மாற்றிவிட்டாய். இது நம் நைனா இல்லை. உங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர். இதை நான் ஏற்ற மாட்டேன்.

இன்னொரு செய்தி. நிறையப் பேர் பார்ப்பதால் அந்தத் தளக்காரர்கள் என்னைப் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டார்கள். இனி எந்தப் படத்தையும் வெளியே வைக்கலாம். நீ சொன்ன ஸ்டூடியோ படத்தை அனுப்பு, வைக்கிறேன். தலைப்பையும் மாற்றுகிறேன். ஆனால் உள்ளே இருப்பது முழுசாக, அவர் பேசின மாதிரியே இருக்கும். இதற்கு மேல் நான் இறங்கி வர முடியாது.

நிலவன்


வியாசர்பாடி
28.12.2008

நிலவனுக்கு,

ஸ்டூடியோ படம் வராது.

நீ எழுதியதை நிதானமாக நாலு முறை படித்தேன். அவருடைய முகத்தை அசிங்கமாக மாட்டினாய். அதனால் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததால் நல்ல படம் வைக்கிற தகுதி உனக்கு வந்தது. முதலிலேயே மரியாதையாக வைத்திருந்தால் அந்தத் தகுதி கடைசிவரை வந்திருக்காது. இப்படி ஒரு விதியை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நமக்கு இது புதிதில்லை. டிரம்மில் குடித்துக் காட்டியவனுக்குத்தான் பிறகு குழாய் என்று அந்த ஃபோர்மேனும் சொல்லியிருப்பான்.

இன்னொன்றும் பார்த்தேன். நீ பார்ட்னர் ஆனபிறகு நைனாவின் மார்புக்கு நேராக முகம் வெளுக்கிற கிரீம் விளம்பரம் ஓடுகிறது. அதை நீ எழுதவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லாதே.

அந்தத் தளத்துக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. வீடியோவில் தெரிகிறவர், குரல் கேட்கிறவர் யாராக இருந்தாலும் தன்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று புகார் செய்யலாம். கேள்வி கேட்பது என் குரல். தண்ணீர் டம்ளர் கொடுப்பது என் கை. ஓரிடத்தில் என் முகமும் வருகிறது. என்னை நீ கேட்கவில்லை. புகார் எழுதினேன். நேற்று அதை எடுத்துவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது.

உனக்கும் வந்திருக்கும்.

கார்குழலி


ஹூஸ்டன்
11.1.2009

கார்குழலிக்கு,

வந்தது. அடுத்த புகார் வந்தால் என் கணக்கையே மூடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூடட்டும்.

நீ அன்றைக்கு பிரவுசிங் சென்டரில் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாய். பின்னால் இருந்ததைப் படிக்கவில்லை. மெல்போர்னில் இருந்து ஒருத்தர் எழுதியிருந்தார். அவர் அப்பா கிருஷ்ணப்பன் அதே பவுண்டரியில் வேலை பார்த்தவராம். அந்த டிரம்மை எட்டி உதைத்தது தன் அப்பாதான் என்று எழுதியிருந்தார். மணலியில் இருந்து ஒரு பெண், 'எங்க தாத்தாவும் இப்படித்தான் அந்த ஆள் மாதிரி கத்திக் காட்டுவார், இது எந்த கம்பெனி சார்' என்று கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வீடியோ போனதும் அதுவும் போய்விட்டது. அவர்கள் முகவரி எதுவும் என்னிடம் இல்லை.

அவர்கள் எல்லாம் எதைப் பார்த்து உள்ளே வந்தார்கள்? நேரான காலரைப் பார்த்தா? அந்த முகத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள். அது யார் முகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உனக்குத்தான் அந்தப் பெண்கள் முன்னால் அசிங்கமாகிவிட்டது. எங்க அப்பா என்று சொன்னாயாம். சொல்லிவிட்டு இரண்டே மாதத்தில் அவர் வாயை மூடிவிட்டாய்.

மார்ச்சில் நான் வராததை நீ ஒருமுறைகூட நேராகக் கேட்கவில்லை. 'வர முடியவில்லை' என்று மரியாதையாக எழுதுகிறாய். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், கிளம்பியிருந்தால் திரும்பி நுழைய முடியாது. அதை உன்னிடம் சொன்னேன். சொன்ன அன்று ஒன்றும் பேசாமல் போனை வைத்தாய், இன்றுவரை எடுக்கவில்லை. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தப் புகார் என்று எனக்குத் தெரியும்.

முழு வீடியோ என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்காதே.

நிலவன்


வியாசர்பாடி
22.3.2009

நிலவனுக்கு,

கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டி வந்திருக்கிறது.

போன ஞாயிறு நைனாவுக்கு முதலாண்டு நினைவு. புத்த விகாரில் காலையில் வந்தனம் முடிந்தது. மாலையில் தெருவில் ஷாமியானா போட்டு, பெரிய டிவி ஒன்று வாடகைக்கு எடுத்து வீடியோ போட்டேன். ஃப்ரெடி வெட்டிக் கொடுத்ததுதான் என்னிடம் இருக்கிறது. சனம் நன்றாக வந்திருந்தது. பவுண்டரி ஆட்களில் உயிரோடு இருக்கிற நாலு பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

கால்வாசி வரை பார்த்தார்கள். பிறகு எதிர்வீட்டுக் குப்பம்மா கேட்டாள். "இன்னாடி, உங்க நைனா ஆபீசரு மேரி குந்திகினு கீறாரு. ஒடம்பு சரியில்லாதப்ப எடுத்ததா?"

"இல்லக்கா, நல்லா இருக்கும்போது எடுத்தது."

"போர்மேன் கத்தறது எப்ப வரும்?"

"அது இதுல இல்லக்கா."

"இல்லன்னா? என் கல்யாணத்துலயே பந்தில நின்னு செஞ்சு காமிச்ச மன்சன். நீ கேமரா வச்சு எடுக்கச் சொல்லோ செய்யாம வுட்டாரா?"

நான் டிவி ஒலியைக் கூட்டினேன். அவள் விடவில்லை. "யாராச்சும் வுட்டுட்டாங்களா, இல்ல நீ எடுத்துட்டியா?"

பவுண்டரி ஆட்கள் நால்வரில் திருமலை மாமா எழுந்தார். முட்டி வலி என்று ஆறு மாதமாக வாசலைத் தாண்டாதவர். டிவிக்கு முன்னால் போய் நின்று, "அவரு வாயி எனுக்கு வராது. இருந்தாலும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, "யார்ரா கொயால கைய வச்சவன்" என்று கத்தினார். வாய் கோணியது, கண் பிதுங்கியது. சனம் அப்படிச் சிரித்தது. இன்னொருவர் எழுந்து, "இல்லப்பா, சுப்பராயன் கழுத்த இப்டி இஸ்துக்குவாரு" என்று கழுத்தை இழுத்துக் காட்டித் திருத்தினார். பின்னால் டிவியில் நைனா நேரான காலரோடு பேசிக்கொண்டேயிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் திருமலை மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ராயபுரம் போனேன். நைனாவை எடுத்த டேப்பிலேயே ஃப்ரெடி ஒரு கல்யாணம் எடுத்துவிட்டார். வேலை முடிந்த டேப்பைத் திரும்ப உபயோகிப்பது அவர்கள் வழக்கம். "நீங்கதான் அந்த பிட்டெல்லாம் வேணாம்னு சொன்னீங்க மேடம்" என்றார். கம்ப்யூட்டரிலும் அழித்தாகிவிட்டது.

முழு வீடியோ ஒரு பிரதி அனுப்பு. எந்தத் தளத்திலும் போடத் தடையில்லை என்று எழுதித் தரச் சொன்னால் தருகிறேன். விசா விஷயத்தில் நான் உன்னை நம்பவில்லை என்பது உண்மைதான். இப்போதும் முழுதாக நம்பவில்லை. அது வேறு விஷயம். இதைக் கேட்கிறேன்.

கார்குழலி


ஹூஸ்டன்
5.4.2009

கார்குழலிக்கு,

குறுந்தகடு அனுப்பியிருக்கிறேன். முழு வீடியோ இல்லை. நீ வெட்டிப் போட்ட இடங்கள் மட்டும்தான் அதில் இருக்கின்றன. ஃபோர்மேன், கானா, சிரிப்பு, கெட்ட வார்த்தை, உன்னைக் கிண்டல் செய்தது, என்னைக் கூப்பிட்டது. மீதி உன்னிடம் இருக்கிறது.

ஒட்டிக்கொள்வது உன் வேலை.

நிலவன்


வியாசர்பாடி
3.5.2009

நிலவனுக்கு,

ஃப்ரெடியிடம் கொடுத்து ஒட்டினேன். ஒட்டின இடங்கள் தெரிகின்றன. ஒரு வாக்கியத்தில் நைனாவின் துண்டு தோளில் இருக்கிறது, அடுத்த வாக்கியத்தில் மடியில் கிடக்கிறது. குரலும் ஓரிடத்தில் எகிறுகிறது. ஃப்ரெடி சரிசெய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்ட இடம் இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

குப்பம்மா வீட்டில் போட்டுக் காட்டினேன். திருமலை மாமாவையும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். முடிந்ததும், "கயுத்து நா சொன்ன மேரிதான் இஸ்துக்குறாரு" என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொன்னது அவர் இல்லை, இன்னொருவர். நான் திருத்தவில்லை.

பிறகு என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதே தளத்தில் ஏற்றினேன். மெல்போர்ன்காரரும் மணலிப் பெண்ணும் தேடினால் கிடைக்க வேண்டும். நான் பார்ட்னர் இல்லை, ஆகவும் மாட்டேன். அதனால் உனக்குக் காட்டியது போல எனக்கும் மூன்று படம் காட்டியது. ஒட்டினதில் நீளம் மாறி, படம் விழுகிற இடங்கள் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தன. ஒன்று ஃபோர்மேன் முகம். இன்னொன்றில் நைனா நேராகப் பார்க்கிறார். போன வருஷம் இந்த மாதிரி ஒரு படத்துக்காகத்தான் உன்னோடு சண்டை போட்டேன், இதைவிட நல்லதாக ஸ்டூடியோக்காரனாலும் எடுக்க முடியாது. மூன்றாவது, நீ அனுப்பிய துண்டு ஒன்றின் கடைசியில், ஃப்ரெடி பேட்டரி மாற்றக் கேமராவை இறக்கினபோது பதிந்தது. சிமெண்டுத் தரையும் ஒரு நாற்காலிக் காலும் மட்டும் தெரிகின்றன.

தரையைத் தொட்டேன். தலைப்பு 'சுப்பராயன், வியாசர்பாடி, பவுண்டரி'. அந்தத் தரையைப் பார்த்து எவனும் சிரிக்க வரமாட்டான், மரியாதை செலுத்தவும் வரமாட்டான். அவரைத் தெரிந்தவர்கள் பெயரைப் பார்த்துத் திறந்துகொள்வார்கள். உள்ளே அவர் முழுசாக இருக்கிறார்.

கீழே யாரும் எதுவும் எழுத முடியாதபடி அடைத்துவிட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

கார்குழலி